ஈரப்பதம் கழித்த வேகம்

ஏறுங்க தம்பி, ஏறுங்க. முன்னாலயே உக்காருங்க, பின்சீட்டு பூரா சீர்த்தட்டு. வண்டி பஞ்சருங்களா? இந்த வேகாத வெயில்ல நின்னு கை காட்டறீங்க, ஒருத்தனும் நிக்காம போறானுகளே! அவனுகளுக்கு நிக்க எங்க நேரம், போற வேகம் அப்படி. நான் உங்களைத் தூரத்துலயே பாத்துட்டேன். பாத்து, யோசிச்சு, நிறுத்தலாம்னு முடிவு பண்ணி, அப்பறமும் உங்ககிட்ட வந்து சேர நேரம் பாக்கி இருந்துச்சு. அதுதானுங்க சரியான வேகம்.

பெல்ட்டைப் போட்டுக்கோங்க. எதுவரைக்கும்? ஒட்டஞ்சத்திரமா? நான் அதுக்குக் கொஞ்சம் முன்னால, கரியகாளியம்மன் கோயிலுக்குத் திரும்பிருவேன். அங்கிருந்து பஸ்ஸு கெடைக்கும். ஆனா ஒன்னு, இப்பவே சொல்லிப்போடறேன். நான் சட்டப்படி போறவன். அவசரம்னா எறங்கிக்கோங்க, மனசுல ஒன்னும் வெச்சுக்க மாட்டேன். என்ற ஊட்டுக்காரியே எறங்கிட்டா. ஆமாங்க, துளசிமணி. இத்தனை வருசம் என்கூட குடும்பம் நடத்துனவ, இந்தக் கார்ல மட்டும் இனி ஏற மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிப்போட்டு, வெடியால மொத பஸ்ஸுல போயிட்டா. போற எடம் ரெண்டு பேருக்கும் ஒன்னுதான். அவ இந்நேரம் போயிச் சேர்ந்து, அத்தனை பேருகிட்டயும் என்னையப் பத்திச் சொல்லி முடிச்சிருப்பா.

விசேசமா? காதுகுத்துங்க. என்ற தங்கச்சி பொண்ணுக்கு. நான்தான் தாய்மாமன். ஆனா முழுக் காதுகுத்து இல்லை, பாதி. சிரிக்காதீங்க தம்பி. ஒரு காது குத்தியாச்சு, ஒரு காது பாக்கி. அந்தப் பாக்கிக் காதுக்குத்தான் நான் போயிட்டிருக்கேன். பத்தரை வரைக்கும் நல்ல நேரம். இப்ப மணி என்ன? ஒம்பதே முக்காலா? போயிரலாம். போயிரலாமுங்க.

என்ன, அந்த மொபட்டைப் பாக்கறீங்களா? போகட்டும் விடுங்க. பின்னால மாட்டுக்குச் சோளத்தட்டு ஒரு கட்டு வெச்சுட்டு நம்மளத் தாண்டிப் போறாரு. போகட்டும். கேமரா அவரைப் பாத்துக்கும்.

என் பேரு சென்னியப்பன். காங்கயம் பக்கம் தென்னந்தோப்பு. தேங்காயை ஒடைச்சு, களத்துல காயப்போட்டு, கொப்பரையாக்கி மண்டிக்குக் கொண்டுபோற ஆளு. முன்னாலயெல்லாம் நானும் எல்லாரையும் மாதிரித்தான் ஓட்டுவேன். மீட்டர்னு ஒன்னு வண்டியில இருக்கறதே தெரியாது. பாட்டு ஓடும், காலு அமுத்தும், ஊரு வரும். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் கேமராவுல மாட்டிக்கிட்டேன். அபராதம் கட்டுனதுல எனக்கு ஒன்னும் வருத்தமில்லீங்க. அந்தச் சேதி யாரு போனுக்குப் போச்சுங்கறதுதான்.

இந்தக் காரை எடுக்கறப்ப தங்கச்சி வீட்டுக்காரருதான் கூட வந்து எல்லாம் பண்ணிக் குடுத்தாரு. நம்பர் கேக்கற எடத்துலயெல்லாம் அவரு நம்பரே போயிருச்சு. அதனால படம் அவருக்குப் போச்சு. நல்ல தெளிவான படமுங்க. நான் வாயத் தொறந்து முறுக்கு கடிக்கறது வரைக்கும் தெரியுது. அவரு அதைக் குடும்பக் குரூப்புல போட்டுட்டாரு. கீழ ஒரே ஒரு வரி. 'மச்சான் எங்க இவ்வளவு வேகமா?'

உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு தோணும். கேளுங்க. பரிமளத்தை, அதான் என்ற தங்கச்சி, அவளைப் பொண்ணு பாக்க இந்த மனுசன் பைக்குல வந்தாரு. சும்மா விர்ருனு. நான் ஒறம்பரை சனம் அத்தனை பேரு முன்னாலயும் சொன்னேன். 'மாப்பிள்ளை, என்ற தங்கச்சிய இந்த வேகத்துல கூட்டீட்டுப் போறதா இருந்தா, இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க'ன்னு. அவரு தலையை மட்டும் ஆட்டுனாரு. பதினோரு வருசம் மனசுல வெச்சிருந்து, ஒரே வரியில திருப்பிக் குடுத்துட்டாரு பாருங்க.

அன்னிக்கு முடிவு பண்ணேன். இனி இந்தச் சென்னியப்பனை எந்தக் கேமராவும் புடிக்கக்கூடாது.

சித்தெ பொறுங்க, பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சே சாவறான். போடா சாமி, போ. வழி உட்டாச்சு. கைய வேற காட்டிட்டுப் போறான் பாருங்க. நல்லா படிச்ச கைய்யி!

எங்க உட்டேன்? ஆமா, மீட்டர். ஓட்டற ஆளு ஒழுங்கா இருந்தாப் பத்தாது, மீட்டர் ஒழுங்கா இருக்கோணுமில்லீங்களா? வண்டிய சர்வீசுக்கு உட்டப்ப மெக்கானிக்கைக் கேட்டேன். 'ஏப்பா, இந்த முள்ளு காட்டறது நெசந்தானா?'ன்னு. அவன் சிரிச்சுட்டு, 'எந்தக் கார் மீட்டரும் அச்சு அசலா காட்டாதுங்க சார், அஞ்சு பத்து வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்'னான். அதுக்கு மேல என்னமோ சொல்ல வந்தான். 'தெரியுமப்பா, தெரியும்'னுட்டு நான் கெளம்பிட்டேன். எனக்கா தெரியாது? அளவுக் கருவியப் பத்தி எனக்கா பாடம் எடுக்கறது?

மண்டியில ஒரு நாளு வந்து நில்லுங்க தம்பி. வீட்டுல நிறுத்துக் கட்டுன மூட்டை, அங்க தராசுல ஏறுனா எளைச்சுப் போயிரும். என்ன மாயமோ! தராசை மாத்துவாங்க, ஆளு மாறுவான், கம்ப்யூட்டர் தராசுன்னு பச்சை வெளக்கு எரியற ஒன்னைக் கொண்டாந்து வெச்சானுக. அதுவும் கம்மியாத்தான் காட்டுச்சு. எந்தக் கருவியும் இருக்கறதை விடக் கம்மியாத்தான் காட்டும். அதை நான் அனுபவத்துல கண்டவன். அப்ப இந்த முள்ளு எழுவதுன்னு காட்டுனா வண்டி நெசத்துல எம்பதுல போகுதுன்னு அர்த்தம். கேமராக்காரன் எம்பதுன்னுதான் எழுதுவான். சரிதானுங்களே?

அதோட உட்டா நான் சென்னியப்பன் இல்லை. கொப்பரைக்கு ஈரப்பதம்னு ஒன்னு கழிப்பாங்க. எவ்வளவு காயப்போட்டுக் கொண்டுபோனாலும் உள்ள ஈரம் இருக்குதுன்னு சொல்லிக் கழிச்சுப் போடுவானுக. அதே மாதிரி நானும் இன்னொரு அஞ்சைக் கழிச்சுட்டேன். எம்பதுன்னு போர்டு இருக்கற எடத்துல என்ற முள்ளு அறுவத்தியஞ்சைத் தாண்டாது. நாப்பதுன்னு போட்டிருக்கற ஊருக்குள்ள இருவத்தியஞ்சு. ஊதியூருக்குள்ள போறப்ப ரேசன் கடைக்குப் போற ஆளுக சன்னலோரம் நடந்துட்டே சொகம் விசாரிப்பாங்க. கூட்டமா இருந்தாக் கூட அவங்களே ஒதுங்கச் சொல்லி வழி பண்ணிக் குடுப்பாங்க. அவ்வளவு மரியாதை.

இந்த ரெண்டு வருசத்துல ஒரு அபராதம் கெடையாது. ஒன்னே ஒன்னு காட்டுங்க பாக்கலாம்.

ஆனா குடும்பத்துல ஒருத்தருக்கும் இதுல பெருமையில்லை. நாலு மாசத்துக்கு முன்னால மொதக் காதுகுத்து. பரிமளத்துக்குக் கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்த கொழந்தைங்க அது. மிதுனிகான்னு பேரு. அதுக்காக நாங்க போகாத கோயிலில்லை. எங்கப்பன் சீக்கிரம் போயிச் சேர்ந்துட்டாரு, பரிமளத்தை வளத்துனதே நான்தான். அவ பொண்ணை மடியில வெச்சுக் காது குத்தறதுன்னா எனக்கு அது காதுகுத்து மட்டுமில்லை தம்பி. மடி நல்லா பெருசா இருக்கோணும்னு எட்டு மொழ வேட்டி புதுசா எடுத்தேன்.

கெளம்பறப்ப நேரம் நெறைய இருந்துச்சு. துளசிமணி இப்ப நீங்க உக்காந்திருக்கற சீட்டுலதான். தாராபுரம் வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு வந்தா. அதுக்கப்பறம் ஆரம்பிச்சா. 'ஏனுங்க, சித்தெ அமுத்துங்க'ன்னா. அமுத்த முடியாதுன்னேன். 'ஏனுங்க, அந்த ஸ்கூல் வேன் நம்மளத் தாண்டுதுங்க'ன்னா. தாண்டட்டும்னேன். பரிமளம் போன் பண்றா, 'அண்ணா எங்க வந்துட்டீங்க', மறுபடி பண்றா, 'அண்ணா ஆசாரி நேரமாகுதுங்கறாரு', மறுபடி பண்றா. கடைசியா ஒரு தடவை அடிச்சுது, துளசிமணி எடுத்தா, அந்தப் பக்கம் கொழந்தை அழுகற சத்தம் மட்டும் கேட்டுச்சு. இவ போனைக் கீழ வெச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. நான் ரோட்டைப் பாத்துத்தான ஓட்டோணும்?

போயி நின்னா, வேலை பாதி முடிஞ்சிருச்சு. நேரம் தாண்டிருமுன்னு மாப்பிள்ளையோட பெரியப்பன் பையன் ஒருத்தன் மடியில உக்கார வெச்சுக் குத்தீருக்காங்க. ஒரு காது குத்துனதும் கொழந்தை அந்தாளு மூஞ்சியில ஒரு அறை உட்டுட்டு எறங்கி ஓடிருச்சாம். அப்பறம் யாரு கூப்புட்டும் வரலை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. மாமன் மடியில்லைன்னு கொழந்தைக்கே தெரிஞ்சிருக்குது பாருங்க.

பரிமளம் என்னையத் திட்டுவா, கத்துவான்னு நெனச்சேன். 'வந்துட்டீங்களாண்ணா, சாப்பிடுங்க'ன்னா. அவ்வளவுதான். அதுக்குத் திட்டியிருக்கலாம். புது வேட்டியக் கட்டீட்டு, காலி மடியோட பந்தியில உக்காந்தேன். எலையில என்ன வெச்சாங்கன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது.

அன்னிலிருந்து அவ என்கூடப் பேசறதில்லை. போன வாரம் துளசிமணிக்குத்தான் சொல்லியுட்டிருக்கா. 'இன்னொரு காது புதன்கிழமை குத்தறோம். அண்ணன் பத்தரைக்குள்ள வந்தா அவரு மடி. வரலீன்னா இனிமே எந்த விசேசத்துக்கும் அவரு வர வேண்டாம்'னு. நான் வளத்துன பொண்ணுங்க. அந்த வாயில இந்தப் பேச்சு.

இன்னிக்கும் நான் நேரத்துலயே கெளம்பியிருப்பேன். பூமாலை வந்து சேரவே எட்டு மணி ஆச்சு, அப்பறம் ஒம்பது வரைக்கும் எமகண்டம். அதுல எப்படிக் கெளம்பறது? முடிஞ்ச ஒடனே வண்டிய எடுத்துட்டேன். ஒரு நிமிசம் வீணாக்கலை. உங்களுக்கு நிறுத்துனதுதான். அதை ஒன்னும் பெருசா நெனைக்காதீங்க.

என்னது? போனை எதுக்குக் காட்டறீங்க?

அறுவதா? இல்லீங்க, முள்ளு அறுவத்தியஞ்சுல நிக்குது பாருங்க. அப்ப நெசமான வேகம் எழுவத்தியஞ்சு. உங்க மேப்பு அறுவதுன்னு காட்டுதா? அப்ப உங்க மேப்பும் மண்டிக்காரன் பண்ணுனதுதான், கம்மியாக் காட்டுது. சரி சரி, சிரிங்க. சிக்னல் கெடைக்காத எடமா இருக்கும்.

போன் வேண்டாம் தம்பி, நமக்குக் கல்லு இருக்குது. இந்தா, கிலோமீட்டர் கல்லு. எனக்குக் கணக்குத் தெரியும். மணிக்கு அறுவதுல போனா ஒரு கல்லுலயிருந்து அடுத்த கல்லுக்குச் சரியா ஒரு நிமிசம். முள்ளை அறுவதுல வெக்கறேன். நான் சொல்றது சரின்னா வண்டி எழுவதுல போகும், நிமிசம் முடியறதுக்கு முன்னாலயே கல்லு வந்துரும். நீங்க கடிகாரத்தைப் பாருங்க. அந்த வேப்ப மரத்துக்கிட்ட இருக்கற கல்லுலயிருந்து ஆரம்பிங்க. ஆங், இப்ப!

பேசாதீங்க. நானும் பேசலை.

எவ்வளவு ஆச்சு? முப்பது செகண்டா? நல்லது. கல்லு இப்ப வந்துரும் பாருங்க. நாப்பத்தியஞ்சா? இப்பத்தான், அந்த வளைவு தாண்டி. அம்பது? இருங்க. இருங்க தம்பி, கடிகாரம் வேகமா ஓடுது உங்களுது. அறுவது ஆயிருச்சா? கல்லு எங்க? அதோ, இப்பத்தான் வருது. அறுவத்தியஞ்சா?

கல்லைத் தப்பா நட்டிருக்கானுக. காண்ட்ராக்டர் வேலை அப்படித்தான் இருக்கும். இன்னொரு கல்லுக்குப் பாருங்க.

அதுவும் அறுவத்தியஞ்சா?

இன்னொன்னு பாத்துருவோம்.

சரி. போதும். கடிகாரத்தை உள்ள வைங்க.

அப்ப இந்த மீட்டர் கூடக் காட்டுது. இருக்கறதை விடக் கூட. அப்படியும் ஒரு கருவிய உலகத்துல செய்வாங்களா தம்பி? எதுக்கு? யாருக்கு லாபம்? ஓட்டறவன் தானா பயந்து மெதுவாப் போகட்டும்னு கம்பெனிக்காரனே கூட்டி வெப்பானா? என்ன சொல்றீங்க, எல்லாக் கார்லயும் அப்படியா? ஊரு ஒலகத்துக்கே தெரியுமா? அந்த மெக்கானிக் அதைத்தான சொல்ல வந்திருப்பான்? சொல்றவன் முழுசாச் சொல்லோணுமில்லீங்களா? நான் 'தெரியும்'னு சொன்னா, உட்டுர்றதா?

இருங்க, இருங்க. முள்ளு அறுவத்தியஞ்சுல இருந்தா நெசம் அறுவதுதான். போர்டுல எம்பது. அப்ப அன்னிக்கு நான்...

அதை உடுங்க.

மணி என்ன? பத்தாச்சா? இன்னும் எத்தனை தூரம் காட்டுது? இப்படியே போனா பத்தரை தாண்டிருமா? அந்த மேப்பு சொல்றது நெசமுங்களா? அந்தப் பெரியப்பன் பையன் இன்னிக்கும் வந்திருப்பான் தம்பி. வெள்ளை வேட்டி கட்டிட்டு, மொத வரிசையில, மடிய விரிச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பான். இன்னொரு காதும் அவன் மடியிலன்னா நான் அந்தக் கோயில் வாசல மிதிக்க வேண்டியதே இல்லை. இப்படியே திருப்பிக்கிட்டு ஊடு போயிரலாம்.

தம்பி, ஒன்னு பண்ணுங்க. அந்தப் போனை முன்னால, நான் பாக்கற மாதிரி புடிங்க. எம்பது வரைக்கும் போகலாமில்லீங்களா? போர்டு போட்டிருக்கற எம்பது, கவர்மெண்டே குடுத்த எம்பது. அதுக்கு மேல ஒரு நூலு போகக்கூடாது, நீங்கதான் சொல்லோணும். நான் முள்ளைப் பாக்கலை. அதைப் பாத்தா காலு தானா வந்துருது.

அறுவத்தியெட்டா? இன்னும் போகட்டும். எழுவதா? எழுவத்திநாலு. தம்பி, வண்டி ஆடுதுங்களா? இல்லையா? எனக்கு ஆடற மாதிரி இருக்குது. எழுவத்தியெட்டு. முள்ளைப் பாத்துட்டேன், எம்பதைத் தாண்டி எங்கயோ நிக்குது! ஐயோ, ரெண்டு வருசமா அந்தப் பக்கம் அது போனதே இல்லீங்க. கண்ணை மூடிக்கலாம் போல இருக்குது. இல்லை இல்லை, மூட மாட்டேன், ஓட்டறவன் மூடக்கூடாது.

அந்தா கேமரா. கம்பத்துல தெரியுது பாருங்க. போன் என்ன சொல்லுது? எழுவத்தியொம்பதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அம்மா கரியகாளி, எழுவத்தியொம்பதுதான் தாயே, இந்தத் தம்பி சாட்சி. வாய மூடிக்கோங்க, படத்துல விழுந்தாலும் ஒழுங்கா விழுவோம்.

தாண்டியாச்சா? ஒன்னும் மின்னலையே? மின்னலை.

தம்பி, நாம அந்த பஸ்ஸை முந்தீட்டோம். பாத்தீங்களா? நான் முந்தீட்டேன்! டிரைவர் எட்டிப் பாக்கறாரு. கும்பிடு ஒன்னு போட்டு வைங்க, பாவம்.

இந்தத் திருப்பந்தான். இங்க நாப்பது. இருங்க, நாப்பதுன்னா நாப்பதே போவோம், போன்ல இருக்கற நாப்பது. இருவத்தியஞ்சுலயே போயிப் பழகுன ஆளுக்கு இது பறக்கற மாதிரி இருக்குது. பந்தல் தெரியுது பாருங்க. மணி? பத்து இருவத்தியஞ்சா? அஞ்சு நிமிசம் மிச்சமா? எனக்கா?

ஆசாரி இப்பத்தான் பொட்டியத் தொறக்கறாரு. கொழந்தை ஒரு தோட்டோட ஓடிட்டிருக்குது பாருங்க, ஒரு பக்கம் மின்னுது, ஒரு பக்கம் ஒன்னுமில்லை. பரிமளம் வாசல்லயே நிக்கறா. ரோட்டையே பாத்துட்டு நிக்கறா தம்பி. வராம இருந்திருந்தா... சரி, வந்துட்டம்ல.

இந்த வேனுக்குப் பின்னால நிறுத்தறேன். இங்க நின்னா அங்கிருந்து பாக்கறவங்களுக்கு யாரு ஓட்டுனதுன்னு தெரியாது. எதுக்கா? அந்தா ஓடியாறா பாருங்க துளசிமணி, தலைமுடி அவுந்தது கூடத் தெரியாம. என்ன கத்தறா? 'ஏனுங்க, இத்தனை சீக்கிரத்துல வந்துட்டீங்க, யாருக்கு என்னாச்சு? யாரு ஓட்டீட்டு வந்தது?'ன்னு கேக்கறாளா? அதுதான், அதைத்தான் கேப்பான்னு எனக்குத் தெரியும்.

தம்பி, இத்தனை தூரம் ஒன்னா வந்திருக்கோம். நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். பஞ்சர் ஒட்டற ஆளோட உங்க வண்டிகிட்டயே நானே கொண்டுபோயி உடறேன். ஒரே ஒரு உதவி. அந்தக் கல்லு, கடிகாரம், அறுவத்தியஞ்சு செகண்டு, இந்தப் பேச்செல்லாம் வாயில வரவே கூடாது. அது தெரிஞ்சா அன்னிக்கு நான் வர முடிஞ்சும் வரலைங்கறது பரிமளத்துக்குத் தெரிஞ்சு போயிரும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அண்ணன் வரலைன்னாவது அவ நெனச்சுட்டு இருக்கட்டும். இந்தக் காரை இதுவரைக்கும் நான் ஒருத்தன் கையில குடுத்ததில்லைங்க. இந்தாங்க, சாவியப் புடிங்க. நீங்கதான் ஓட்டீட்டு வந்தீங்க. சீக்கிரம் தம்பி, கையில புடிங்க, அவ வந்துட்டா.